இரண்டாம் பக்கத்துப் பதினெட்டு பேர்

செமஸ்டர், ப்ராஜெக்ட், வைவா என்று ஏகப்பட்ட ஆணிகள். இந்தப் பக்கம் தலைகாட்டியே ரொம்ப நாளாச்சு.

"இன்டர்ன்ஷிப்ல என்னடா கிழிச்ச?" என்று வகுப்பில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. "பொட்டி தட்டினேன்" என்று சொல்லி நழுவிவிடுவேன். உண்மையில் நான் செய்தது இதுதான். ஒரு பட்டறையில் வேலை செய்யும் 68 பேருடைய ஓவர்டைம் கணக்கை, சம்பளம் போட்டுக் கொடுக்கும் ஒரு இணையச் சேவைக்கு அனுப்புகிற சின்ன ப்ரோக்ராம் எழுதினேன். அதில் 18 பேருக்கு ஓவர்டைம் காசு போகாமல் பண்ணினேன். இது என் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் இல்லை. வைவாவிலும் யாரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. மனசில் கிடந்து உறுத்துவதால் இங்கே கொட்டிவிடுகிறேன்.

கொஞ்சம் டெக்னிக்கல் சமாச்சாரம் வரும். கம்ப்யூட்டர் பக்கம் போகாதவர்கள் பயந்து ஓட வேண்டாம். எங்க அம்மாவுக்கே புரிய வைத்திருக்கிறேன், உங்களுக்குப் புரியாதா என்ன?

சரி, கொசுவத்தியைச் சுத்துவோம்.

ஜனவரியில் கோயமுத்தூரில் ஒரு குட்டி சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். மொத்தமே பத்துப் பேர். முதல் ரெண்டு வாரம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. டீ வாங்கி வருவது, ஏசியைக் கூட்டிக் குறைப்பது, இவ்வளவுதான். மூன்றாவது வாரம் சார் கூப்பிட்டார். "தம்பி, சிங்காநல்லூர் தாண்டி நம்ம கிளையன்ட் ஒருத்தர் இருக்காருங்க. பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் கடையுற பட்டறை. அங்க கணக்குப் பாக்குற அம்மணி மாசா மாசம் ரெண்டு நாள் உக்காந்து ஓ.டி. கணக்கை டைப் அடிக்குது. அதைத் தானா போற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க."

அங்கே நடந்தது இதுதான். வாசலில் விரல் வைக்கிற மிஷின் இருக்கிறது. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்பது அதில் பதிவாகும். சம்பளம் போடுவது வேறொரு நிறுவனத்தின் இணையச் சேவையில். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் எல்லாம் அதுவே கணக்குப் போட்டு, ஒவ்வொருவருக்கும் சம்பளச் சீட்டு தயார் பண்ணிவிடும். ஆனால் மிஷினுக்கும் சேவைக்கும் நடுவில் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தவர் கணக்கு அக்கா. அவர் இடத்தில் என் ப்ரோக்ராமை உட்கார வைக்க வேண்டும்.

அந்தச் சேவைக்கு ஒரு ஏபிஐ இருந்தது. ஏபிஐ என்றால் என்ன? தாலுகா ஆபீஸ் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ரெஜிஸ்டரை நாம் தொட முடியாது. ஜன்னலில் நின்று, அவர்கள் சொல்லும் படிவத்தில், அவர்கள் கேட்கும் வரிசையில் எழுதிக் கொடுத்தால் வேலை நடக்கும். ஒரு கட்டம் மாறினாலும் "போய் சரியா எழுதிட்டு வாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். மனுஷனுக்குப் பதில் ப்ரோக்ராம் போய் நிற்கிற ஜன்னல்தான் ஏபிஐ.

அப்போ லைப்ரரி? அதே தாலுகா ஆபீஸ் வாசலில், புளிய மரத்தடியில், மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாரே, மனு எழுதிக் கொடுப்பவர். அவர்தான் லைப்ரரி. எந்தப் படிவம், எங்கே ஸ்டாம்ப் ஒட்டணும், யார் பெயருக்கு எழுதணும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. நாம் நம் பாஷையில் விஷயத்தைச் சொன்னால் போதும். யாரோ ஒரு புண்ணியவான் இந்தச் சம்பள சேவைக்குப் பைத்தானில் அப்படி ஒரு லைப்ரரி எழுதி இலவசமாக இணையத்தில் போட்டிருந்தார். ஒரே வரியில் இன்ஸ்டால் பண்ணலாம்.

அம்மாவிடம் போனில் "ஒரு லைப்ரரி கிடைச்சுதும்மா, வேலை சுலபமாயிடுச்சு" என்றேன். "நல்லதுடா கண்ணு, அப்படியே போட்டித் தேர்வு புக்கு ஏதாச்சும் இருந்தா எடுத்துப் படி" என்றார். அவ்வ்வ்.

உண்மையிலேயே சுலபமாகத்தான் இருந்தது. ஏபிஐ ஜன்னலுக்குப் போக முதலில் டோக்கன் வேண்டும். ஹாஸ்டல் அவுட்பாஸ் மாதிரி, ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும். அது செத்தால் புதுசு வாங்கிக்கொள்ள இன்னொரு நீண்ட கால டோக்கன். இந்த முறைக்கு ஓஆத் 2.0 என்று பெயர். 2012ல் இதற்கான விவரக்குறிப்பு வந்தது. அதை முழுசாகப் படித்து நாமே எழுத உட்கார்ந்தால் தாவு தீர்ந்துவிடும். லைப்ரரிக்காரர் அந்தக் கவலையே எனக்கு வைக்கவில்லை. சாவியைக் கொடுத்தேன், மீதியை அவர் பார்த்துக்கொண்டார்.

ப்ரோக்ராம் என்னவோ மொத்தம் நாலே படிதான். சேவையிடம் ஊழியர் பட்டியலை வாங்கு. ஒவ்வொருவருக்கும் மிஷினில் இருக்கும் ஓ.டி. நேரத்தைக் கூட்டு. சேவைக்கு அனுப்பு. "பதிவாகிவிட்டது" என்று பதில் வருகிறதா பார்.

சோதனை செய்து பார்க்க அந்தச் சேவையே ஒரு பொய்க் கம்பெனியைக் கொடுத்திருந்தது. சாண்ட்பாக்ஸ் என்பார்கள். நாம் குழந்தையில் மணலில் வீடு கட்டி விளையாடியது மாதிரி, உடைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. அதில் 12 பொய் ஊழியர்கள். அவர்களை வைத்து விதம் விதமாக ஓட்டிப் பார்த்தேன்.

அங்கேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துப் பெருமை வேறு பட்டுக்கொண்டேன். மிஷின், ரெண்டரை மணி நேரத்தை 02:30 என்று கொடுக்கும். நான் நடுவில் இருந்த ரெண்டு புள்ளியை ஒற்றைப் புள்ளியாக்கி 2.30 என்று அனுப்பிக்கொண்டிருந்தேன். ஏபிஐக்கு வேண்டியது தசமம். ரெண்டரை என்றால் 2.5. 2.30 என்று போனால் அது ரெண்டு மணி 18 நிமிஷம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 நிமிஷம் காலி! எல்லாவற்றையும் நிமிஷக் கணக்காக மாற்றிக் கூட்டி, கடைசியில் மட்டும் அறுபதால் வகுத்தேன். இன்னொன்றும் படித்து வைத்திருந்தேன். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.3 வராது, 0.30000000000000004 என்று வரும். கம்ப்யூட்டர் தசமத்தை இரண்டடிமான எண்ணாக வைத்துக்கொள்வதால் வரும் வம்பு. காசு விஷயத்தில் அதை நம்பக்கூடாது என்பதற்காகவே 2004ல் வந்த பைத்தான் 2.4லேயே டெசிமல் என்று தனியாக ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அதையும் போட்டேன். பைசா கூட பிசகாது என்று காலர் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

பைசா பிசகவில்லை. ஆட்கள் பிசகிவிட்டார்கள்.

மார்ச் 1ஆம் தேதி பட்டறைக்கே போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பிப்ரவரி கணக்கை ஓட்டினேன். கருப்புத் திரையில் வரிசையாக 201, 201, 201 என்று ஓடியது. 201 என்றால் "பதிவு உருவாக்கப்பட்டது" என்று அர்த்தம். ஒரு சிவப்பு எழுத்து இல்லை. நாற்பது நொடியில் முடிந்துவிட்டது. ரெண்டு நாள் வேலை நாற்பது நொடியில்! அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். மொத்த ஓ.டி. 813 மணி நேரம் என்று சேவை காட்டியது. "போன மாசம் 790 இருந்துது, சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி ஒப்புதல் பொத்தானை அமுக்கினார். எனக்கு முட்டை பப்ஸும் டீயும் வந்தன. அந்த பப்ஸ் இன்னும் செரிக்கவில்லை.

5ஆம் தேதி எல்லோருக்கும் வங்கியில் சம்பளம் ஏறியது. அன்றைக்கு மத்தியானமே அக்கா போன் செய்தார்.

"தம்பி, லேத்துல ஒரு அண்ணன் வந்திருக்காருங்க. ஓ.டி. வரலைங்கறாரு. கொஞ்சம் பாருங்க."

சேவையைத் திறந்து அவர் பெயரைத் தட்டினேன். ஓவர்டைம் பூஜ்யம். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. "சிஸ்டத்துல இல்லக்கா. அவரு மறந்து போய் விரல் வெக்காம போயிருப்பாரு."

அக்கா போனை அவரிடமே கொடுத்துவிட்டார். "ஏனுங்க தம்பி, நோட்டுல எழுதி வெச்சிருக்கனுங்க. இருபத்திரெண்டு மணி நேரம். சீட்டு கட்டணுங்க இன்னிக்கு" என்றார். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நானும் எதிர்த்துப் பேசிவிட்டு மறந்திருப்பேன். "பாத்துட்டு சொல்றேண்ணா" என்று வைத்துவிட்டேன்.

அவருக்கு நாள் கூலி 600 ரூபாய். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 75. ஓவர்டைமுக்கு ரெண்டு மடங்கு என்பது 1948ஆம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே வரும் விதி. ஆக மணிக்கு 150. 22 மணி நேரத்துக்கு 3,300 ரூபாய். எனக்கு மாசம் கிடைத்த ஸ்டைபண்டில் பாதிக்கும் மேல்.

சாயங்காலத்துக்குள் இன்னும் ரெண்டு பேர் அக்காவிடம் வந்துவிட்டார்கள். அக்கா என்னைப் போல சிஸ்டத்தைப் பார்க்கவில்லை. நேராக வாசல் மிஷினிலிருந்து அந்த மூன்று பேர் கணக்கை எடுத்தார். லேத் அண்ணன் கணக்கு 22 மணி நேரம், நோட்டில் இருந்தபடியே. மற்ற ரெண்டு பேர் கணக்கும் இருந்தது. அதாவது மிஷின் சரி, நோட்டு சரி, நடுவில் நின்ற நான்தான் தப்பு.

வயிற்றில் ஏதோ உருண்டது. பஸ் பிடித்துப் பட்டறைக்கு ஓடினேன். போகும்போதே லேப்டாப்பைத் திறந்து பார்த்ததில், அனுப்பிய பதிவுகள் மொத்தம் 50. சரியாக ஐம்பது. ஐம்பத்தொன்று இல்லை, நாற்பத்தொன்பது இல்லை. அந்த உருண்டையான எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

நம்ம பரீட்சை கேள்வித்தாளில் கீழே ஒரு ஓரமாக "திருப்புக" என்று போட்டிருப்பார்கள், நினைவிருக்கிறதா? அதைக் கவனிக்காமல் முதல் பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு, அரை மணி நேரம் முன்பே பேப்பரைக் கொடுத்து வெளியே வந்து "ஈஸிடா மச்சி" என்று சொல்கிற ஒருத்தன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவன்தான் நான்.

ஏபிஐ ஜன்னலில் பட்டியல் கேட்டால் மொத்தத்தையும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள். பத்தாயிரம் பேர் இருக்கும் கம்பெனியும் இருக்கும் அல்லவா? அதனால் பக்கம் பக்கமாகத்தான் தருவார்கள். இந்தச் சேவையில் ஒரு பக்கத்துக்கு 50 பேர். கூடவே "அடுத்த பக்கம் இருக்கிறது" என்று ஒரு குறிப்பும் வரும். சேவையின் கையேட்டில் அது தெளிவாக இருக்கிறது. லைப்ரரியிலும் ரெண்டு வழி இருந்தது. ஒன்று ஒரு பக்கம் மட்டும் கொடுப்பது, இன்னொன்று கடைசிப் பக்கம் வரைக்கும் தானே புரட்டிக் கொடுப்பது. நான் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டேன். சேவை மீதும் தப்பில்லை, லைப்ரரி எழுதியவர் மீதும் தப்பில்லை. சாண்ட்பாக்ஸில் 12 பேர்தான் என்பதால் அங்கே ரெண்டாம் பக்கமே கிடையாது. சோதனையில் தெரியாமல் போனது அதனால்தான்.

மனு எழுதுகிறவர் நான் சொன்னதைத் தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தார். நான் சொன்னதே பாதி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஐம்பது பேருக்கும் 201 வந்தது. அனுப்பாத 18 பேருக்கு எந்த எண்ணும் வரவில்லை. கேட்காத கேள்விக்கு ஏது பதில்?

இன்னொரு விஷயம் அன்றைக்கு ராத்திரிதான் உறைத்தது. பட்டியல் ஊழியர் எண் வரிசையில் வருகிறது. கடைசியில் இருப்பவர்கள் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ரெண்டாம் பக்கத்து 18 பேரில் 11 பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், மீதிப் பேர் போன வருஷம் சேர்ந்தவர்கள். பழைய ஆட்கள், சூப்பர்வைசர்கள், மேனேஜர் எல்லோரும் முதல் பக்கத்தில். மேனேஜர் காசு விடுபட்டிருந்தால் 5ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கே தெரிந்திருக்கும். பதினெட்டில் கேட்டது மூன்று பேர்தான். மற்ற பதினைந்து பேர்? பாஷை தெரியாமல் இருந்திருக்கலாம், சேர்ந்த கொஞ்ச நாளில் ஏன் வம்பு என்று இருந்திருக்கலாம், இல்லை இந்த ஊரில் இப்படித்தான் போல என்றே நினைத்திருக்கலாம். லேத் அண்ணன் நோட்டு எழுதியிருக்காவிட்டால் அந்தப் பதினைந்து பேர் காசும் போயிருக்கும்.

பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததும் நான் செய்யப் போனது இதைவிடப் பெரிய கூத்து. ப்ரோக்ராமில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். இப்போது 68 பேரும் வந்தார்கள். "ஒரு நிமிஷம்க்கா, மறுபடி ஓட்டிட்டா முடிஞ்சுது" என்று பொத்தான் மேல் விரலை வைத்துவிட்டேன்.

அக்கா கேட்டார், "ஏற்கெனவே போன அம்பது பேருக்கு மறுபடியும் போகுமா தம்பி?"

விரலை எடுத்துவிட்டேன்.

போகும். நிச்சயமாகப் போகும். ஓட்டியிருந்தால் ஐம்பது பேருக்கு ரெண்டாவது தடவை 813 மணி நேர ஓ.டி. ஏறியிருக்கும். எச்டிடிபியில் சில வேலைகளை எத்தனை தடவை சொன்னாலும் விளைவு ஒன்றுதான். "இந்த ஆளின் ஓ.டி. 22 என்று வை" என்று பத்து தடவை சொன்னாலும் 22தான் இருக்கும். ஆனால் "22 மணி நேரம் புதுசாகச் சேர்" என்று ரெண்டு தடவை சொன்னால் 44. முதல் வகைக்கு புட், ரெண்டாவது வகைக்கு போஸ்ட். இந்த வித்தியாசம் 1999ல் வந்த எச்டிடிபி 1.1 விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. நான் செமஸ்டரில் ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்து எழுதி, முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது என்னவென்று புரிய வைத்தது பி.காம். படித்த கணக்கு அக்காதான்.

(பொட்டி தட்டுகிற நண்பர்களுக்கு மட்டும்: பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரி, நாம் நேரக் கெடு சொல்லாவிட்டால் பதில் வரும்வரை காத்துக்கொண்டே இருக்கும். அதன் அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3, கோளாறு வந்தால் மறுபடி முயற்சி செய்யச் சொன்னாலும், போஸ்ட்டை மட்டும் வழக்கமாகத் தொடாது. பதில் வரவில்லை என்பதால் வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாதே! நடந்து முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ஸ்ட்ரைப் மாதிரி பணச் சேவைகள் இதற்காகவே ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தனி அடையாளச் சாவி வைக்கச் சொல்கின்றன. அதே சாவியோடு ரெண்டாவது தடவை போனால் புதுசாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே கொடுக்கும்.)

அன்றைக்கு ப்ரோக்ராமை மூடி வைத்துவிட்டோம். மிஷின் கணக்கை அச்சடித்து, நான் வாசிக்க வாசிக்க அக்கா பதினெட்டு பேருக்கும் கையாலேயே அடித்தார். விடுபட்டது 291 மணி நேரம். மிஷினில் மொத்தம் 1,104. சேவையில் இருந்த 813ஐயும் இந்த 291ஐயும் கூட்டினால் 1,104. "டேலி ஆயிடுச்சு" என்றார் அக்கா. முதல் நாளே மிஷின் பக்க மொத்தத்தையும் சேவை பக்க மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால், அரை நிமிஷத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நாங்கள் ரெண்டு பேரும் போன மாச எண்ணோடு ஒப்பிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டோம்.

முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஏழாந்தேதிக்குள்ள போயிரணும்" என்று மட்டும் சொன்னார். ஆயிரம் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் அடுத்த மாசம் 7ஆம் தேதி முடிவதற்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்பது 1936ஆம் வருஷச் சட்டத்திலேயே இருந்த விதி. விடுபட்டவர்களுக்குத் தனியாக ஒரு சம்பளம் போடும் வசதி சேவையில் இருந்தது. 7ஆம் தேதி காலையில் காசு ஏறியது. ஆனால் லேத் அண்ணனுக்குச் சீட்டு 5ஆம் தேதி. அந்த ரெண்டு நாளுக்கு யாரிடமோ கைமாற்று வாங்கிக் கட்டியிருக்கிறார். வட்டி கொடுத்தாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இதில் என்னை ஏன் இவ்வளவு ஆட்டி வைத்தது என்று சொல்கிறேன். எங்க அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங். சனிக்கிழமை சம்பளம். சமையலறைச் சுவரில் மாதக் காலண்டர் தொங்கும். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் 1 அல்லது 1½ என்று பென்சிலில் எழுதியிருக்கும். ராத்திரி எட்டரை வரைக்கும் இருந்தால் ஒன்றரை ஷிப்ட். எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது ஒரு சனிக்கிழமை அரை ஷிப்ட் காசு குறைந்தது. அம்மா ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் என்னைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக்கு நடந்தார். கான்ட்ராக்டர் தலையைத் தூக்காமல் "நோட்டுல இல்லம்மா" என்றார். அம்மா சண்டை போடவில்லை. காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். ரொம்ப நேரம் நின்றோம். கடைசியில் கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஆள் மேல் எனக்குப் பல வருஷம் கோபம் இருந்தது. இப்போது யோசித்தால், அவர் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. அவர் நோட்டில் உண்மையிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். எழுதியவன் விட்டிருப்பான். "சிஸ்டத்துல இல்லக்கா" என்று நான் சொன்னதும் சத்தியமான உண்மைதான். சிஸ்டத்தில் இல்லைதான். ஏன் இல்லை என்று பார்க்காமல் அந்த மனுஷன் விரல் வைக்க மறந்திருப்பார் என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "காசு குடுத்தாச்சில்ல? அந்த அண்ணன்கிட்ட நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிரு" என்றார்.

போனேன். லேத் ஓடும் சத்தத்தில் நான் சொன்னது அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். மிஷினை நிறுத்திவிட்டு, பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு குட்டி நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, எத்தனை மணி வரை என்று மட்டும் இருந்தது. "இதெல்லாம் பழக்கமுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அதற்குப் பிறகு ப்ரோக்ராமில் மூன்று மாற்றம் செய்தேன். ஒன்று, எல்லாப் பக்கத்தையும் புரட்டி எடுத்த பிறகு ஆள் எண்ணிக்கையையும் மொத்த மணி நேரத்தையும் மிஷினோடு ஒப்பிடும். ஒரு ஆள் குறைந்தாலும் ஒன்றையும் அனுப்பாமல் நின்றுவிடும். ரெண்டு, யாருக்கு எந்த மாசத்துக்கு அனுப்பியாச்சு என்று எழுதி வைத்துக்கொள்ளும். எத்தனை தடவை ஓட்டினாலும் ஒருத்தருக்கு ஒரு தடவைதான் போகும். இந்த ரெண்டும் எந்தப் புத்தகத்திலும் இருக்கும். மூன்றாவது அக்கா சொன்னது. ஒப்புதல் பொத்தானை அமுக்குவதற்கு ஒரு நாள் முன்பே 68 பேர் பெயரும் ஓ.டி. நேரமும் அச்சாகி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும், தமிழிலும் இந்தியிலும். அவரவர் கணக்கை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் படிப்பில் இதற்கு என்ன பெயர் என்று எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் இதைவிட நல்ல சோதனை முறையை நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 1ஆம் தேதி பட்டியல் ஒட்டியபோது நானும் போயிருந்தேன். டீ இடைவேளையில் கும்பலாக வந்து பார்த்தார்கள். ஒடிசாப் பையன் ஒருவன் தன் பெயர் மேல் விரலை வைத்து, அப்படியே நகர்த்திக்கொண்டு போய் எண்ணைப் பார்த்து, வாய்க்குள் எதையோ கூட்டிப் பார்த்தான். அப்புறம் அக்காவிடம் வந்து ஒரு விரலைக் காட்டினான். ஒரு மணி நேரம் குறைகிறதாம். மிஷினில் பார்த்தோம். அந்த நாள் அவன் உண்மையிலேயே வெளியே போகும்போது விரல் வைக்கவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டதில், இருந்தான் என்றார். அக்கா கையால் திருத்தினார்.

ஒரு மணி நேரம்தான். ஆனால் இந்தத் தடவை அவன் வந்து கேட்டானே, அது எனக்கு 201ஐ விடப் பெரிய பதிலாக இருந்தது.

டிஸ்கி: இதைப் படிக்கிற ஜூனியர்கள் லைப்ரரி வேண்டாம், எல்லாவற்றையும் நானே எழுதுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள். கையேட்டை மட்டும் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். கீழே "திருப்புக" என்று இருக்கும் :-)